‘படித்ததில்லை’ என்னும் ஒரு சொல்

அருகன் நெறி போற்றும் பெரியோர்களே, தாய்மார்களே, இளைஞர்களே!

வாழ்வின் இடையில் புதிய துறை புகுதல் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு அறக்கட்டளையார் பணித்தனர். முப்பத்துநான்கு ஆண்டுகள் தமிழாசிரியப் பணி ஒன்றிலேயே இருந்து ஓய்வு பெற்றவள் நான். இதைப் பேசத் தகுதி உண்டா என்று தயங்கினேன். அப்போது என் தம்பி மகன் நினைவுக்கு வந்தான். சென்னையில் ஒரு நிறுவனத்தில் பதினைந்து ஆண்டுகள் கணக்கெழுதியவன். அவ்வேலையைக் கணினியே செய்யத் தொடங்கியதும் அவனுக்குப் பணி இல்லாமற் போயிற்று. “அத்தை, நாற்பது வயதில் இனி நான் எதைக் கற்றுக்கொள்வது?” என்று கேட்டான். “அதே போன்ற வேலை வேறெங்கேனும் கிடைக்கும், பொறுத்திரு” என்றேன். அவன் ஒன்றும் பேசாமல் எழுந்து போனான். அன்று நான் சொல்லத் தவறிய விடையை இன்று இம்மன்றத்தில் சொல்ல விழைகிறேன். அவ்விடை நம்மவர் வீட்டு வாயிற்படியில் நிகழ்ந்த ஒரு வரலாற்றில் இருக்கிறது.

1880-ஆம் ஆண்டு. உ. வே. சாமிநாதையருக்கு அப்போது வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அவ்வாண்டில்தான் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ், புராணம் எனப் பல நூல்களைக் கற்றுத் தேர்ந்திருந்தார். அக்காலத்தில் அதுவே நிறைந்த புலமையாக மதிக்கப்பெற்றது. அந்த அளவிலேயே அவர் நின்றிருந்தாலும் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள்.

அக்டோபர் மாதத்தில் ஒருநாள், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் வினவ, ஐயர் நீண்டதொரு பட்டியலைச் சொன்னார். முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை, அந்நூல்களைக் கண்டதும் இல்லை என்பதே ஐயர் தந்த விடை. நூல் கிடைத்தால் படிப்பேன் என்றும் சொன்னார். முதலியார் பின்னர்ச் சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்றை அவருக்குக் கொடுத்தார்.

ஏட்டைத் திறந்த பின்னர்தான் உண்மையான இடர் தொடங்கிற்று. சைவ மடத்துச் சூழலில் கற்றவருக்கு, நூலில் வரும் சமண சமயக் கருத்துகள் விளங்கவில்லை. நச்சினார்க்கினியர் உரையை வைத்துக்கொண்டும் பல இடங்கள் இருளாகவே இருந்தன. கல்லூரி ஆசிரியர் என்னும் பெருமை அவரைத் தடுக்கவில்லை. கும்பகோணத்தில் சமணர் வாழ்வதை அறிந்து, அவர்தம் இல்லத்திற்கே சென்றார். அன்று அவ்வீட்டில் விழாக்கோலம். காரணம் கேட்டபோது, சிந்தாமணி படித்து நிறைவு செய்த நாள் என்றனர். தாம் பொருள் தெரியாது தவித்த காப்பியத்தை, அங்கே இல்லறத்தார் முழுதும் ஓதிக் கேட்டு மகிழ்ந்திருந்தனர்! சந்திரநாத செட்டியார் முதலானோர் அவருடைய ஐயங்களைப் பொறுமையுடன் தீர்த்தனர். நச்சினார்க்கினியரும் தாம் முதலில் எழுதிய உரையைச் சமணர் ஏற்காமையால், சமண நூல்களைக் கற்று மீண்டும் எழுதினார் என்று ஒரு செய்தி வழிவழியாக வழங்குகிறது. பெரும் புலவர்களும் மாணவராக மீண்டும் அமர்ந்த நூல் அது.

1887-இல் சீவக சிந்தாமணி அச்சேறியது. இடையில் ஏழு ஆண்டுகள். அவ்வளவு காலமும் ஐயர் ஆசிரியப் பணியை விடவில்லை. குடும்பத்திற்கு வருவாய் வேண்டுமல்லவா? எஞ்சிய பொழுதிலும் விடுமுறையிலும் ஏடு தேடினார், பாடம் ஒப்பிட்டார், அச்சுப்பிழை திருத்தினார். முன்னர்க் கற்ற இலக்கணமும் யாப்பும் வீண்போகவில்லை. சிதைந்த அடிகளைச் செப்பம் செய்ய அவையே துணை நின்றன. 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை வெளிவந்தன. மணிமேகலைக்காகப் பௌத்த சமயக் கருத்துகளை உடன் பணிபுரிந்த ரங்காசாரியாரிடம் கேட்டறிந்தார். தமிழாசிரியர் பதிப்பாசிரியர் ஆன வரலாறு இதுவே.

இனி என் குறையைச் சொல்கிறேன். நான் ஓய்வு பெற்ற ஆண்டில், கல்லூரி மாணவி ஒருத்தி சிந்தாமணியின் முத்தி இலம்பகம் பற்றி ஐயம் கேட்க என் வீட்டிற்கு வந்தாள். அவள் நம் சமூகத்தைச் சேர்ந்தவள் அல்லள். பாடத்திட்டத்தில் இருந்த பகுதிகளையே ஆண்டுதோறும் நடத்தி வந்தவள் நான். முழு நூலையும் படித்ததில்லை. அதைச் சொல்ல நாணி, பொதுவாக எதையோ பேசி அனுப்பிவிட்டேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கும்பகோணத்தில் ஒருவர் வந்து கேட்டபோது நம்மவர் வீட்டில் விடை இருந்தது. என் வீட்டில் இல்லையே!

மறுநாளே முதற்பாடலிலிருந்து தொடங்கினேன். 3145 பாடல்கள், இப்பொழுது ஒன்பதாம் இலம்பகத்தில் இருக்கிறேன். விளங்காத இடங்களை, பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்கிறேன். அம்மாணவிக்கும் மடல் எழுதி உண்மையைச் சொல்லிவிட்டேன்.

தம்பி மகனிடமும் பேசினேன். “வேலையைத் தேடு, அதனுடன், உனக்குத் தெரியாத எதை அறிய ஆசைப்படுகிறாயோ அதை அறிந்தவரிடம் போய்க் கேள்” என்றேன். அவனுக்குச் சிறுவயது முதலே வந்தவாசிக் கோரைப் பாய் நெய்வதைப் பார்ப்பதில் விருப்பம். நெசவுக் கூடங்களுக்குச் சென்றான். கோரையின் தரம், சாயம், விலை எனக் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டான். இன்று இரு கூடங்களுக்குக் கணக்கு எழுதுகிறான், விற்பனையும் பழகுகிறான். பழைய வருவாயில் பாதிதான் வருகிறது. ஆயினும் எனக்குத் தெரியாத செய்தி ஒன்றையேனும் சொல்லாமல் அவன் என் வீட்டை விட்டுப் போவதில்லை.

இளைஞர்களே, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அஞ்சாதீர்கள். பெரியோர்களே, பிள்ளைகள் வேறு துறை பற்றிக் கேட்கும்போது நான் செய்தது போல வாயடைத்து அனுப்பாதீர்கள். இன்னொரு சாமிநாதையர் நம் வாயிலில் வந்து நின்றால், உள்ளே அழைத்து விடை சொல்ல ஒருவரேனும் ஒவ்வொரு வீட்டிலும் இருத்தல் வேண்டும்.

அறம் வளர்க! அறிவு பெருகுக!