ஏற்றத்துக்கு என்ஜின், இறக்கத்துக்கு பிரேக்

(பெரியகல்லாற்றில் நடைபெற்ற தொழிலாளர் குடும்பங்களின் ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரை)



சம்பளம், வேலைநாள், வீட்டுக் காணி என்று பேசுகிற சங்கம் இன்று கெப் வாகனத்தின் பில்டரையும் பிரேக்கையும் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் நம் தோட்டங்களில் ஒரு கெப் செய்கிற வேலைகளை எண்ணிப் பாருங்கள். மரக்கறி சந்தைக்குப் போவது அதில்தான். இந்தக் கரையிலிருந்து கருவாடு மலைக்கு ஏறுவதும் அதில்தான். நடுச்சாமத்தில் பிள்ளைவலி எடுத்தால் லயத்து வாசலுக்கு வருவது அதுதான். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் சனத்தை ஏற்றுவதும், வெளி வேலைக்குப் போகிறவர்களைப் பின்னால் நிற்க வைத்துக் கொண்டுபோவதும் அதுதான். ஆகவே அதன் பழுது நம் வருமானத்தையும் தொடுகிறது, உயிரையும் தொடுகிறது.

2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு மீண்டும் திறந்தது. இடையில் பழைய வண்டிகளின் விலை எங்கோ போய்விட்டது. நம் இளைஞர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து, சீட்டுப் பணத்தைப் போட்டு, வீட்டு நகையை அடகு வைத்து வாங்குவது இருபது முப்பது வருடம் ஓடிய டீசல் கெப். அதை வைத்துப் பிழைக்க வேண்டுமென்றால் கராஜ் செலவைக் குறைக்கத்தான் வேண்டும். எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது என்பதுதான் கேள்வி.

நாங்கள் சொல்ல வந்தது இதுதான். வண்டியை ஓட வைக்கும் வேலைகளில் பெரும்பகுதியை நாமே கற்றுச் செய்யலாம், செய்யவும் வேண்டும். வண்டியை நிற்க வைக்கும் வேலையில் மிச்சம் பிடிப்பதும் பரீட்சை பார்ப்பதும் கூடாது.

இல்லாத காலம் கற்றுத் தந்தது

நம் சனம் கைவேலைக்குப் பின்வாங்கியதில்லை. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்கு எரிபொருளும் பற்றரியும் உதிரிப்பாகமும் தடுக்கப்பட்டன. யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சில துளி பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள்.

அதே 1990 இல் பப்புவா நியூ கினியைச் சேர்ந்த பூகன்வில் தீவும் முற்றுகைக்குள் போனது. அங்கே தங்கள் மண்ணைக் கெடுத்த பெரிய செப்புச் சுரங்கத்தை 1989 இல் மக்களின் எதிர்ப்பு மூட வைத்திருந்தது. முற்றுகைக்குள் டீசல் வராதபோது அவர்கள் தேங்காய் எண்ணெய் காய்ச்சி, அதில் டீசல் வண்டிகளை ஓட்டினார்கள். டீசல் என்ஜினுக்கு இது புதிதல்ல. 1900 இல் பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் என்ஜின் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது.

இதைக் கேட்டு யாரும் நாளைக்குத் தேங்காய் எண்ணெய்ப் போத்தலோடு வண்டிக்குப் போய்விட வேண்டாம். தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். பெரியகல்லாற்று வெயிலில் தண்ணீர் போல் ஓடும் எண்ணெய், நுவரெலியாக் குளிரில் குழாய்க்குள்ளேயே கட்டியாகிவிடும். அந்தத் தீவு மக்கள் வேறு வழியே இல்லாமல், இயந்திரத்தை விளங்கிக்கொண்டு செய்தார்கள். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த விளக்கத்தைத்தான்.

நாமே செய்யக்கூடியவை

டீசல் என்ஜினுக்குத் தீப்பொறி போடும் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக அது நசுக்குகிறது. நசுங்கிய காற்று 500 பாகைக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் புகைபோலத் தூவினால் தானாகப் பற்றிக்கொள்கிறது. ஆகவே அது கேட்பது முதலில் இரண்டு பொருள்தான்: சுத்தமான காற்று, சுத்தமான டீசல்.

டீசலின் முதல் எதிரி தண்ணீர். 2022 இல் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்று, கேனிலும் பீப்பாயிலும் டீசலைச் சேர்த்து வைத்த காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படி வைத்த டீசலில் தண்ணீரும் தூசியும் சேரும். அரைத் தாங்கியோடு குளிரில் நிற்கும் வண்டியிலும் தாங்கிச் சுவர் வியர்த்துத் தண்ணீர் இறங்கும். பல கெப்களில் டீசல் பில்டரின் அடியில் ஒரு சிறிய திருகு இருக்கிறது. என்ஜினை நிறுத்திவிட்டு அதைத் தளர்த்தி, ஒரு கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் பிடித்து வையுங்கள். தண்ணீர் அடியில் நிற்கும், டீசல் மேலே மிதக்கும். கண்ணால் பார்த்துவிடலாம். தண்ணீர் போய் டீசல் மட்டும் வரும்வரை விட்டு மூடுங்கள். ஐந்து நிமிட வேலை. செய்யாமல் விட்டால் பம்பும் இன்ஜெக்டரும் துருப்பிடிக்கும், அதற்கு மாதக் கணக்கான வருமானம் போகும்.

பில்டரை மாற்றினால் குழாயில் காற்று நிற்கும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. அதற்குப் பற்றரி சாகும்வரை சாவியைத் திருக வேண்டியதில்லை. பில்டருக்கு மேலே கைப்பம்ப் இருக்கும் வண்டிகளில், காற்று விடும் திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கைப்பம்பை அமுக்கினால் போதும்.

ஓர் எச்சரிக்கை. இந்த வேலை பில்டர் பக்கத்தோடு நிற்கட்டும். பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று என்ஜின் ஓடும்போது விரலால் தடவக் கூடாது. புதிய கொமன் ரெயில் வண்டிகளில் அந்த அழுத்தம் டயர்க் காற்றைப்போல் ஐந்நூறு மடங்குக்கு மேல். ஊசி முனை அளவு பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காற்றுப் பில்டரைத் தோட்டத்துச் செம்மண் தூசி சீக்கிரம் அடைத்துவிடும். ஏற்றத்தில் கரும்புகை தள்ளினால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். கடதாசிப் பில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. தட்டிப் போடலாம், மோசமானால் மாற்றலாம். என்ஜின் ஒயிலைச் சமதரையில், நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள். ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். அந்த வண்டியை ஓட்டாமல் பாஸைக் கூப்பிடுங்கள். சூடான ரேடியேற்றரின் மூடியை யாரும் திறக்கக் கூடாது.

இந்தக் கரைக்கே உரிய நோயும் ஒன்று உண்டு. பெரியகல்லாற்றின் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இங்கே வீசும் காற்றிலேயே உப்பு. கருவாடும் மீன் பெட்டியும் ஏற்றினால் உப்புத்தண்ணீர் தளத்திலிருந்து கீழே சொட்டும். மலைக்குத் திரும்பியதும் வண்டியின் மேலே மட்டும் கழுவிப் பளபளப்பாக்கினால் போதாது. அடிப்பக்கம், சேசி, ஸ்பிரிங் பிளேட், பிரேக் குழாய் எல்லாவற்றுக்கும் நல்ல தண்ணீர் அடிக்க வேண்டும். கரையில் ஓடிய வண்டியை விலைக்கு வாங்கும்போது சேசியைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். துரு தின்ற இடம் மொத்தென்று கேட்கும். புதுப் பெயின்ட்டை நம்ப வேண்டாம்.

கை வைக்கக் கூடாதவை

இங்கிருந்து அக்கரைப்பற்று, பொத்துவில், மொனராகலை, வெல்லவாய என்று போய் மலையேறுகிறோம். கடல் மட்டத்தில் புறப்பட்டு, எல்லவில் ஆயிரம் மீற்றருக்கு மேல் நிற்கிறோம். ஏறும்போது என்ஜின் தோற்றால் வண்டி நிற்கும். இறங்கும்போது பிரேக் தோற்றால் வண்டி நிற்காது. 2025 செப்டம்பர் 4 ஆம் திகதி இரவு அதே எல்ல – வெல்லவாய வீதியில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்ததை நாடே பார்த்தது. அந்த வளைவுகளில்தான் நாமும் பிள்ளைகளோடு இறங்குகிறோம்.

டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதில் மிச்சம் இல்லை. கியரில் போட்டு, மிதியிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது என்ஜினுக்குள் டீசல் ஏறக்குறைய போவதே இல்லை. நியூட்ரலில்தான் என்ஜின் தன்னை ஓட்டிக்கொள்ள டீசல் குடிக்கிறது. என்ஜினையே நிறுத்தி இறக்கினால் இன்னும் மோசம். பிரேக்குக்கு உதவும் வெற்றிடத்தை என்ஜினோடு சுழலும் பம்ப்தான் உண்டாக்குகிறது. என்ஜின் நின்றால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். எந்தக் கியரில் ஏற வேண்டியிருக்குமோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 ரகத்தில் புதிய ஒயில் குறைந்தது 205 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்தத் தாங்குதிறன் 140 பாகைக்கு வந்துவிடலாம். நீண்ட இறக்கத்தில் அது கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், மிதி பஞ்சுபோல் உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயிலை மாற்ற வேண்டும். அதைத் தெரிந்த பாஸ் செய்யட்டும், நாம் பக்கத்தில் நின்று கற்போம்.

இனி, பாரம் கூட ஏற்ற ஸ்பிரிங் பிளேட் சேர்ப்பது. பல கெப்களில் பின் அச்சுக்கும் சேசிக்கும் இடையே ஒரு கம்பியும் ஒரு வால்வும் இருக்கின்றன. பாரத்தில் வண்டி தாழ்ந்தால் அந்த வால்வு பின் பிரேக்கைக் கூட்டும், வெறும் வண்டியென்றால் குறைக்கும். நாம் பிளேட் சேர்த்து வண்டியை உயர்த்திவிட்டால், பின்னால் ஒரு தொன் இருந்தாலும் வால்வுக்கு அது வெறும் வண்டி. பின் பிரேக் பாதியாகும், முன் பிரேக் காய்ந்து தீயும். உறுதியாக்கினோம் என்று நினைத்த வேலையே ஆளைக் கொல்லும். பம்பின் திருகைத் திருப்பி டீசலைக் கூட்டி இழுவை ஏற்றுவதும் அப்படித்தான். கரும்புகையும் சூடும் கூடி, சிலிண்டர் ஹெட் வெடிப்பதில் முடியும்.

மேம்படுத்த ஆசையென்றால் நல்ல டயர் போடுங்கள். பனிமூட்டத்தில் தெரியும் விளக்குப் போடுங்கள். டீசலுக்கு இன்னொரு தண்ணீர்ப் பில்டர் பூட்டுங்கள். சில்லுக்கு வைக்க இரண்டு மரக்கட்டை வண்டியிலேயே இருக்கட்டும்.

சங்கம் கேட்பது

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். அந்த அச்சாணியைப் பார்ப்பது சாரதியின் வேலை மட்டுமல்ல, ஏறுகிறவர்களின் உரிமையும்கூட. வேலைக்கு ஆள் ஏற்ற வரும் வண்டி யாருடையதாக இருந்தாலும், பிரேக்கைப் பற்றிக் கேளுங்கள். நிற்காத வண்டியில் ஏற மாட்டோம் என்று பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் அது சண்டித்தனம் ஆகாது. ஒருவர் தனியாகச் சொன்னால் அவருக்கு வேலை போகும். அதனால்தான் சங்கம்.

சட்டத்தையும் தெரிந்து வைத்திருங்கள். 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் வேலையின்போது நேரும் விபத்துக்கு நட்டஈடு தருகிறது. 2022 ஆம் ஆண்டின் திருத்தம் வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தையும் சேர்த்துக்கொண்டது. விபத்து நடந்தால் வண்டி இலக்கம், நேரம், உடனிருந்தவர்களின் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள்.

பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கொப்பி போடுவோம். ஓடிய கிலோமீற்றர், போட்ட டீசல், ஒயில் மாற்றிய திகதி, பிரேக் பார்த்த திகதி எல்லாம் அதில் ஏறட்டும். ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை கணக்குப் போடும். அந்த எண் திடீரென்று இறங்கினால் வண்டிக்கு நோய் என்று அந்தப் பிள்ளையே சொல்லிவிடும். பெண் பிள்ளைகள் கையிலும் ஸ்பெனரைக் கொடுங்கள். நடுச்சாமத்தில் வண்டி தேவைப்படுவது அதிகமும் பெண்களுக்குத்தான்.

ஒவ்வொரு தோட்டக் கிளையும் சந்தாப் பணத்தில் ஒரு பொதுக் கருவிப்பெட்டி வாங்கட்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு வண்டிகளைப் பெரட்டுக்களத்தில் நிறுத்தி, தெரிந்த பாஸ் ஒருவரை வைத்து எல்லோரும் பார்க்கட்டும். முதல் ஞாயிறு பிரேக்கிலிருந்து தொடங்குங்கள்.