தினமும் ஒரு சிறு மாத்திரை
(தொடர்கல்வி மையத்தில் பேசிய பேச்சு)



இன்று தைராய்டு பற்றிப் பேசப் போகிறோம். "அவளுக்குத் தைராய்டு வந்துவிட்டது" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உண்மையில் தைராய்டு என்பது நோயின் பெயர் அல்ல. நம் உடம்பில் உள்ள ஓர் உறுப்பின் பெயர். அது நம் எல்லோருக்கும் இருக்கிறது.

கழுத்தின் முன்பக்கம் கை வையுங்கள். குரல்வளைக்குச் சற்றுக் கீழே, பட்டாம்பூச்சி இறக்கை விரித்ததுபோல் ஒரு சுரப்பி உள்ளது. அதுதான் தைராய்டு. அதில் தைராக்சின் என்ற பொருள் சுரக்கிறது. அது இரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் போகிறது. இப்படிச் சுரந்து இரத்தத்தில் கலக்கும் பொருளை ஹார்மோன் என்கிறோம்.

தைராக்சின் என்ன வேலை செய்கிறது? அடுப்பை நினைத்துப் பாருங்கள். தீ குறைந்தால் சோறு வேகாது. தீ மிஞ்சினால் அடிபிடித்துவிடும். உடம்பின் தீயை அளவாக வைத்திருப்பது தைராக்சின்.

அது குறைந்தால் என்ன ஆகும்? எப்போதும் அசதியாக இருக்கும். கொஞ்சம் சாப்பிட்டாலும் உடம்பு பருக்கும். முகம் வீங்கும். தோல் வறளும். முடி கொட்டும். மலச்சிக்கல் வரும். மற்றவர்களுக்கு வியர்க்கும்போது நமக்குக் குளிரும். மாதவிலக்கில் இரத்தப்போக்கு அதிகமாகும். வீட்டில் உள்ளவர்கள் இதை நோய் என்று நினைப்பதில்லை. "சோம்பேறி" என்று ஏசுகிறார்கள். அது சோம்பல் அல்ல. இரத்தப் பரிசோதனை செய்தால் உண்மை தெரிந்துவிடும். ஆண்களுக்கும் இது வரும். பெண்களுக்கே அதிகம் வருகிறது.

இதற்கு மருந்து உண்டா? உண்டு. அது வந்த கதையைக் கேளுங்கள்.

1891-ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் நியூகாசில் என்ற ஊர். ஜார்ஜ் மர்ரே என்ற இளம் மருத்துவரிடம் 46 வயதுப் பெண் ஒருவர் வந்தார். தைராக்சின் குறைந்து முகமும் கைகளும் வீங்கியிருந்தன. பேச்சும் நடையும் மந்தமாகிவிட்டன. மர்ரே செம்மறியாட்டின் தைராய்டு சுரப்பியிலிருந்து சாறு எடுத்தார். அதை அந்தப் பெண்ணுக்கு ஊசி மூலம் செலுத்தினார். சில மாதங்களில் வீக்கம் வடிந்தது. பேச்சும் நடையும் தெளிவாயின. பிறகு ஊசிக்குப் பதிலாக வாய்வழியே அந்த மருந்தைத் தொடர்ந்தார். 1919-இல், 74-ஆவது வயதில்தான் அவர் காலமானார். அதாவது மருந்து தொடங்கிய பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்தார்.

இன்று ஆடு தேவையில்லை. தொழிற்சாலையிலேயே தைராக்சினைச் செய்கிறார்கள். மாத்திரையின் பெயர் லெவோதைராக்சின். நம் உடம்பில் சுரப்பதும் இதுவும் ஒன்றே. ஆகவே "பழக்கமாகிவிடுமே" என்று பயப்பட வேண்டாம். கிணற்றில் நீர் குறைந்தால் வெளியிலிருந்து கொண்டுவந்து ஊற்றுகிறோம். அதுபோலத்தான் இது.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். மாத்திரை சாப்பிட்டதும் உடம்பு தேறுகிறது. "குணமாகிவிட்டது" என்று நிறுத்திவிடுகிறார்கள். குணமானது மாத்திரையால் அல்லவா? நிறுத்தினால் சில வாரங்களில் பழைய தொல்லைகள் திரும்பும். பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டியிருக்கும். சிலருக்கு நிறுத்தவும் முடியலாம். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எப்படிச் சாப்பிடுவது? காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு சாப்பிடுங்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபி, டீ, பலகாரம். இரும்புச் சத்து மாத்திரையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் இதைத் தடுக்கும். அவற்றுக்கு நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள்.

மாத்திரைப் புட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 25, 50, 100 என்று எண் இருக்கும். அதுதான் மருந்தின் அளவு. மைக்ரோகிராம் என்று சொல்வார்கள். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு வைத்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம். மருந்து அவ்வளவு நுட்பமானது. 25 சாப்பிட வேண்டியவர் 100 சாப்பிட்டால் கெடுதல். நெஞ்சு படபடக்கும். நாளடைவில் எலும்பும் தேயும். நமக்கு இப்போது படிக்கத் தெரியும். கடைக்காரர் கொடுத்ததும் எண்ணைப் பாருங்கள். உடல் மெலிய வேண்டும் என்று இதைச் சாப்பிடவே கூடாது.

கர்ப்பிணிகள் இதைக் கவனமாகக் கேளுங்கள். கருவில் உள்ள குழந்தைக்கு முதல் மாதங்களில் சொந்தமாகத் தைராக்சின் சுரக்காது. தாயிடமிருந்துதான் கிடைக்கிறது. அதைக் கொண்டே குழந்தையின் மூளை வளர்கிறது. "கர்ப்ப காலத்தில் மாத்திரை வேண்டாம்" என்று யார் சொன்னாலும் இதை நிறுத்தாதீர்கள். கர்ப்பம் தெரிந்ததும் மருத்துவரிடம் போங்கள். பெரும்பாலும் அளவைக் கூட்டுவார்கள்.

சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே தைராய்டு வேலை செய்யாது. பார்த்தால் தெரியாது. பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரியும். இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் மூளை நன்றாக வளரும். தாமதித்தால் இழந்ததை மீட்பது கடினம். பிரசவம் பார்க்கும் இடத்தில் இந்தப் பரிசோதனையைக் கேளுங்கள்.

தைராக்சின் அதிகமாகவும் சுரக்கலாம். நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு மெலியும். கை நடுங்கும். நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதற்குக் கார்பிமசோல் போன்ற மருந்துகள் உண்டு. அவற்றைச் சாப்பிடும்போது காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய் இரத்தம் சோதிக்க வேண்டும்.

நோய் வராமல் தடுக்க முடியுமா? ஒரு காரணத்தைத் தடுக்கலாம். தைராக்சின் உண்டாக அயோடின் என்ற சத்து வேண்டும். இமயமலை அடிவாரத்தில் காங்ரா பள்ளத்தாக்கு உள்ளது. இன்று அது இமாசலப் பிரதேசத்தில் இருக்கிறது. அங்கே மண்ணில் அயோடின் குறைவு. பலருக்குக் கழுத்தில் கழலை தொங்கியது. 1956-இல் டாக்டர் ராமலிங்கசுவாமியும் குழுவினரும் அங்கே ஓர் ஆய்வு தொடங்கினார்கள். சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும், ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பும் கொடுத்தார்கள். அயோடின் உப்பு தின்ற பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. பிறகு மூன்றாவது பகுதிக்கும் அதே உப்பைக் கொடுத்தார்கள். அங்கும் குறைந்தது. ஆகவே அயோடின் உப்பையே வாங்குங்கள். மூடி போட்ட பாத்திரத்தில் வையுங்கள். ஆனால் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், உப்பை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது.

ஓயாத அசதியை விதி என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம். ஒருமுறை இரத்தம் சோதித்துப் பாருங்கள். மாத்திரை கொடுத்தால் தினமும் சாப்பிடுங்கள். உங்கள் தெருவில் யாராவது மாத்திரையைப் பாதியில் நிறுத்தியிருந்தால், இந்தப் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.