எக்ஸ்ரே படிப்பும் பெண்களும்
(கீரனூரில் நாம் பேசியது)

பெண்ணொருத்தி எக்ஸ்ரே படிப்பில் சேர விரும்பினால், "கதிர் பட்டால் பிள்ளை பிறக்காது" என்று வீட்டிலேயே தடுத்து விடுகிறார்கள். கதிரில் அபாயமே இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. 1895-ல் ராண்ட்ஜன் கண்டுபிடித்த பின், அளவறியாமல் கையாண்ட பலர் விரலையும் உயிரையும் இழந்தார்கள். அதனாலேயே கல்லூரியில் எலும்புகளின் பெயரோடு கதிரின் கணக்கையும் படிப்பிக்கிறார்கள். தூரம் இரட்டித்தால் கதிர் காற்பங்காகும், ஈயம் தடுக்கும். மார்பில் குத்திய பேட்ஜை மூன்று மாதத்திற்கொருமுறை ஆய்வுச்சாலைக்கு அனுப்பி, பட்ட கதிரை அளக்கிறார்கள். (தாயத்து எதை அளந்தது?) வேலையாளுக்கு ஐந்தாண்டுச் சராசரியில் வருஷத்திற்கு 20 மில்லிசீவர்ட் எல்லை, கர்ப்பமென்று தெரிந்தால் சிசுவுக்கு, மீதி மாதங்கள் முழுவதற்கும் 1 தான். சென்னையில் பர்னார்டு கதிரியக்க நிலையம் திறந்ததே 1934-ல்! இன்னுமா பயம்? பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிகம், ரசாயனம், உயிரியல் படித்த பெண்ணை விண்ணப்பம் போடச் சொல்லுங்கள்.