எளியோர் மொழியும் ஏற்றமிகு கவிதையும்

(ஆங்கிலப் புனைவியல் இயக்கம் பற்றிச் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



தமிழ்ச் சங்கத்து மேடையில் ஆங்கிலக் கவிதையைப் பற்றிப் பேசுவது முறையோ என்று சிலர் எண்ணக்கூடும். பிறமொழி இலக்கியத்தைக் கற்பது நம் இலக்கியத்தை மறப்பதற்கு அன்று. அதனை இன்னும் தெளிவாகக் காண்பதற்கே ஆகும். எட்டயபுரத்துப் பாரதியார் தமக்கு ஒரு புனைபெயர் தேடியபோது ‘ஷெல்லிதாசன்’ என்று சூட்டிக் கொண்டார். தமிழ்க் கவிதைக்குப் புத்துயிர் தந்த ஒருவர் தம்மைத் தாசன் என்று சொல்லிக் கொள்ளும் அளவுக்கு அந்த ஆங்கிலக் கவிஞரிடம் என்ன கண்டார்? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமானால், ஷெல்லி பிறந்து வளர்ந்த இலக்கிய இயக்கத்தை அறிதல் வேண்டும். அதனை ஆங்கிலத்தில் ‘ரொமாண்டிக்’ இயக்கம் என்பர். தமிழில் புனைவியல் என்பர். அக்கவிஞர்கள் தமக்குத் தாமே இட்டுக் கொண்ட பெயர் அன்று இது. பின்வந்த ஆராய்ச்சியாளர் இட்ட பெயர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலக் கவிதையின் அரசராக விளங்கியவர் போப். அறிவின் கூர்மையும், எள்ளலும், செதுக்கி எடுத்த ஈரடிச் செய்யுளும் அக்காலக் கவிதையின் சிறப்புகள். அவற்றை நாம் இகழ வேண்டியதில்லை. ஆனால், அந்த வழியில் வந்த பிற்காலத்தார் பலரிடம் கவிதைக்கென்று ஒரு தனிச் சொற்கூட்டம் உருவாகி விட்டது. மீனை மீன் என்று சொன்னால் கவிதை ஆகாது என்று எண்ணினார்கள். சுற்றி வளைத்துச் சொன்னால்தான் புலமை என்று கருதினார்கள். பாடுபொருளும் பெரும்பாலும் நகரத்து மேன்மக்களின் வாழ்க்கையாகவே அமைந்தது.

அதே வேளையில் நாடு வேறு வழியில் மாறிக் கொண்டிருந்தது. ஊர்ப் பொதுநிலங்களுக்கு வேலியிட்டுத் தனியுடைமை ஆக்கினர். ஆலைகள் எழுந்தன, உழவர் நகரங்களை நோக்கி நடந்தனர். 1801ஆம் ஆண்டில் முதல் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தபோது இலண்டனில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் இருந்தனர். கடலுக்கு அப்பால் 1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. மனிதர் யாவரும் நிகர் என்னும் முழக்கம் ஐரோப்பா எங்கும் எதிரொலித்தது. அதே ஆண்டில் வில்லியம் பிளேக், குழந்தை உள்ளத்தின் தூய்மையைப் பாடும் நூலைத் தம் கையாலேயே அச்சிட்டு வெளியிட்டார். புகைபோக்கிகளைத் துடைக்க விற்கப்பட்ட சிறுவர்களின் துயரமும் அதில் கவிதை ஆயிற்று.

இந்தச் சூழலில் 1798ஆம் ஆண்டு ஒரு சிறிய நூல் வெளிவந்தது. அதன் பெயர் ‘லிரிக்கல் பாலட்ஸ்’. ஆசிரியர் பெயர் அதில் இல்லை. எழுதியவர் இருவர்: வேர்ட்ஸ்வொர்த், கோல்ரிட்ஜ். இருபத்து மூன்று பாடல்களுள் நான்கு மட்டுமே கோல்ரிட்ஜ் பாடியவை. அன்றாட வாழ்வின் எளிய பொருள்களைப் புதுமை தோன்றப் பாடுவது வேர்ட்ஸ்வொர்த்தின் பங்கு. இயற்கை கடந்த வியப்புகளை நம்பும்படி பாடுவது கோல்ரிட்ஜின் பங்கு. இவ்வாறு தாங்கள் பணியைப் பகிர்ந்து கொண்டதாகக் கோல்ரிட்ஜே பின்னர் 1817இல் எழுதினார்.

1800இல் வந்த இரண்டாம் பதிப்புக்கு வேர்ட்ஸ்வொர்த் ஒரு முன்னுரை எழுதினார். புனைவியலின் கருத்துகளுள் முதன்மையானது அதிலே உள்ளது. கவிதைக்கெனத் தனிமொழி வேண்டியதில்லை. மக்கள் உண்மையாகப் பேசும் மொழியே போதும் என்றார். சிற்றூர் மக்களின் வாழ்வில் உள்ளத்தின் அடிப்படை உணர்ச்சிகள் மறைப்பின்றி விளங்குகின்றன என்றார். உணர்ச்சி பெருகும் அக்கணத்திலேயே கவிதை பிறந்து விடுவதில்லை. பின்னர் அமைதியான நேரத்தில் அதனை மீண்டும் நினைந்து பார்க்கும்போது பிறக்கிறது என்றும் விளக்கினார்.

இது வெறும் இலக்கணச் சண்டை அன்று. யாருடைய வாழ்வு பாடத் தக்கது, யாருடைய துயரம் துயரம் என்னும் வினா இதற்குள் அடங்கியுள்ளது. 1801ஆம் ஆண்டு வேர்ட்ஸ்வொர்த் இந்நூலை ஃபாக்ஸ் என்னும் அரசியல் தலைவருக்கு அனுப்பி, ஒரு கடிதமும் எழுதினார். உயர்ந்த உடை அணியாதவர்க்கும் ஆழ்ந்த உணர்ச்சி உண்டு என்று காட்டவே ‘மைக்கேல்’ முதலிய பாடல்களைப் பாடியதாக அதில் கூறினார்.

‘மைக்கேல்’ என்னும் கதைப்பாடலை ஊரை விட்டு வந்து வாழும் நாம் சிறப்பாகப் படிக்க வேண்டும். மைக்கேல் ஒரு முதிய ஆட்டிடையர். உறவினர் ஒருவருக்காகப் பிணை நின்றதால் அவருடைய நிலம் கைவிட்டுப் போகும் நிலை வருகிறது. நிலத்தைக் காக்க ஒரே மகனை நகரத்துக்குப் பொருளீட்ட அனுப்புகிறார். புறப்படுமுன் ஆட்டுத் தொழுவத்துக்கு மகன் முதற்கல் வைக்கிறான். நகரத்தில் அவன் நெறி தவறிக் கடல் கடந்து ஓடி விடுகிறான். தொழுவம் கட்டி முடியவில்லை. கற்குவியலின் அருகே அமர்ந்திருக்கும் அந்தக் கிழவரின் மௌனத்தை விடப் பெரிய அவலத்தை எந்த அரசனின் வீழ்ச்சியும் தந்து விடாது. வேறொரு சிறு பாடலில், இலண்டன் தெருவில் ஒரு பறவை பாடக் கேட்ட ஏழைப் பெண்ணுக்குத் தன் ஊர் மலையும் ஆறும் கண்முன் தோன்றி மறைகின்றன. மக்கள் பெருவாரியாக ஊர் பெயர்ந்த காலத்தின் கவிதை இது என்பதை மறந்து விட்டு, மலரையும் மேகத்தையும் பாடிய கவிதை என்று மட்டும் சொல்வது குறையாகும்.

இரண்டாவது கருத்து இயற்கை. வேர்ட்ஸ்வொர்த்துக்கு இயற்கை ஓர் ஆசான். மலையும் அருவியும் குழந்தையின் உள்ளத்தை வளர்த்து, துன்பக் காலத்தில் துணை நிற்கின்றன என்பது அவர் நம்பிக்கை. இங்கே அவர் தங்கை டாரதியையும் நினைக்க வேண்டும். ஏரிக்கரை மலர்க்கூட்டத்தை 1802 ஏப்பிரலில் உடன் கண்டு தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தவர் அவர். அண்ணன் அதனைப் பாடியது அதற்குப் பின்னரே. அண்ணன் பெற்ற புகழைத் தங்கை பெறவில்லை.

மூன்றாவது, கற்பனை. கற்பனை பொய் அன்று, அலங்காரமும் அன்று. சிதறிக் கிடப்பவற்றை ஒன்றாக்கிப் புதியதாகப் படைக்கும் ஆற்றல் என்றார் கோல்ரிட்ஜ். ஐயங்களுக்கு நடுவே, அவசரப்பட்டு முடிவு தேடாமல் நிற்கும் திறனே பெருங்கவிஞனின் இயல்பு என்று 1817இல் கீட்ஸ் ஒரு கடிதத்தில் எழுதினார்.

நான்காவது, விடுதலை. நெசவுப் பொறிகளை உடைத்த தொழிலாளர்க்குத் தூக்குத் தண்டனை விதிக்கும் மசோதாவை எதிர்த்து 1812இல் பிரபுக்கள் சபையில் பேசினார் பைரன்; 1824இல் கிரேக்க விடுதலைக்காகச் சென்ற இடத்தில் உயிர் நீத்தார். 1819இல் மான்செஸ்டர் நகரில் கூடியிருந்த மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்த செய்தி கேட்டு இத்தாலியிலிருந்து ஷெல்லி பாடினார். அப்பாடலை அச்சிட 1832 வரை எவரும் துணியவில்லை. அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே கவிஞர் கடலில் மூழ்கி மறைந்திருந்தார். கீட்ஸ் குதிரை லாயம் நடத்தியவரின் மகன்; மருந்தாளர் தொழில் கற்றவர். மருந்துக் கடைக்கே திரும்பிப் போகட்டும் என்று 1818இல் ஒரு திறனாய்வாளர் அவரை ஏளனம் செய்தார். கவிதை பாடப் பிறப்பும் செல்வமும் வேண்டும் என்னும் செருக்கு அது. மறு ஆண்டே கீட்ஸ் தம் சிறந்த பாடல்களைப் பாடினார். 1821இல் தம் இருபத்தைந்தாம் வயதில் உரோம் நகரில் காலமானார்.

இவ்வியக்கத்தில் குறையே இல்லையா? உண்டு. புரட்சியைப் போற்றிய வேர்ட்ஸ்வொர்த் பின்னாளில் அரசாங்கப் பதவி ஏற்றார். 1843இல் அரசவைக் கவிஞரும் ஆனார். இளையோர்க்கு அவருடைய மனமாற்றம் வருத்தம் தந்தது. அவருடைய மொழிக் கொள்கையைக் கோல்ரிட்ஜே மறுத்தார். மொழியின் சிறந்த பகுதி வயலிலிருந்து மட்டும் வருவதன்று. சிந்தனையிலிருந்தும் கல்வியிலிருந்தும் வருவது என்பது அவர் வாதம்.

என் கருத்தில் இருவர் கூற்றும் உண்மையே. நமக்கு இரண்டும் தேவை. 1912இல் ‘பாஞ்சாலி சபத’த்தின் முன்னுரையில் பாரதியாரும் எளிய சொல்லையும் எளிய நடையையும் பொதுமக்கள் விரும்பும் மெட்டையும் வேண்டினார். அவரோ பழந்தமிழ் அறியாதவர் அல்லர். அயல் மாநிலத்தில் வாழும் நம்மில் பலர் மேடைத் தமிழைப் போற்றுகிறோம். வீட்டில் பாட்டியும் தாயும் பேசும் ஊர்த்தமிழைப் பிள்ளைகள் முன்னிலையில் பேச நாணுகிறோம். ஆண்டுக்கு ஒருநாள் விழாவில் கேட்கும் தமிழ் மட்டும் ஒரு குழந்தையின் நெஞ்சில் வேர் விடுமா? அழும்போதும் சிரிக்கும்போதும் வரும் மொழியே கவிதையின் மூலம் என்றால், அந்த மொழி முதலில் அடுக்களையில் வாழ வேண்டும். அதன்மேல் குறளும் சிலம்பும் கற்பிப்போம். பேச்சு வேராகவும் கல்வி கிளையாகவும் நிற்கட்டும்.

 வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!