உயரமும் உறுதியும்

கரடுமுரடான பாதையிற் செல்லும் வாகனம் உயரமாக இருத்தல் வேண்டும் என்பது யாவரும் எளிதில் ஒப்புக்கொள்ளும் கருத்தாகும். கல்லும் குழியும் மலிந்த வழியிலே வயிறு தாழ்ந்த வண்டி சிக்கி நிற்கும். வயிறு உயர்ந்த வண்டி கடந்து செல்லும். 1941ஆம் ஆண்டிலே அமெரிக்கப் படையினருக்கென வில்லிஸ் நிறுவனம் ஜீப் வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. 1948இல் இங்கிலாந்திலே லான்ட் ரோவர் தோன்றியது. அன்று தொட்டு இத்தகைய வண்டிகளை உடையோர் பலரின் உள்ளத்திலே ஓர் ஆசை குடிகொண்டிருக்கின்றது. இன்னும் சில அங்குலம் உயர்த்தினால் இந்த வண்டி போகாத இடமும் உண்டோ என்பதே அவ்வாசை. அதனை நிறைவேற்றும் நீண்ட வில்களும் அவற்றுக்கேற்ற உறுப்புகளும் இன்று கடைகளிலே 2 அங்குலம், 4 அங்குலம், 6 அங்குலம் என அளவிட்டு விற்கப்படுகின்றன.

எத்தனை அங்குலம் உயர்த்தலாம் என்பது பலரும் எழுப்பும் வினா. அதற்கு விடை காண்பதற்கு முன், வில்லை மாற்றுவதனால் வண்டியின் எப்பகுதி உயர்கின்றது என்பதை அறிதல் நன்று.

பழைய ஜீப் போன்ற வண்டியிலே முன்னும் பின்னும் குறுக்காக ஒவ்வோர் அச்சு உண்டு. அச்சின் இரு முனைகளிலும் சில்லுகள் பூட்டப்பட்டிருக்கும். அதன் நடுவே, பூசணிக்காய் போன்று பருத்த இரும்புப் பேழைக்குள், டிபரன்ஷல் எனப்படும் பற்சக்கரத் தொகுதி அமைந்திருக்கும். அச்சின் மேல் வில்களும், வில்களின் மேல் சட்டகமும் உடலும் இருக்கும். நீண்ட வில்களைப் பொருத்தும்போது சட்டகமும் உடலும் மேலெழும். அச்சோ இருந்த இடத்திலேயே இருக்கும். பாதையின் நடுவே கிடக்கும் கல்லில் முதலில் மோதுவது பெரும்பாலும் அந்தப் பேழையே. ஆகவே, 6 அங்குல வில்லைப் பொருத்தினாலும் அப்பேழைக்கும் நிலத்துக்கும் இடையிலுள்ள வெளி ஓர் இழையளவேனும் கூடுவதில்லை. பணம் செலவிட்டோர் பலர் இவ்வுண்மையைக் கல்லில் மோதிய பின்னரே அறிகின்றனர்.

அச்சை உயர்த்த வல்லது டயரே. 31 அங்குல விட்டமுள்ள டயரை நீக்கி 35 அங்குல டயரை இட்டால், கூடிய 4 அங்குலத்தில் பாதியாகிய 2 அங்குலம் அச்சு உயரும். ஆனால் பெரிய டயர் உடலின் விளிம்பிலே உராயாமல் மேலும் கீழும் அசையவும், இருபுறமும் திரும்பவும் இடம் வேண்டும். அந்த இடத்தைத் தருவதே வில்லுயர்வின் முதன்மையான பயன்.

அதற்கு வேறொரு பயனும் உண்டு. மேட்டின் உச்சியைக் கடக்கும்போது முன்சில்லு அப்பாலும் பின்சில்லு இப்பாலும் நிற்க, வண்டியின் வயிறு மேட்டிலே தட்டுவதுண்டு. முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடைத்தூரம் 95 அங்குலமும், நடுவயிற்றின் உயரம் 10 அங்குலமும் உள்ள வண்டி ஏறத்தாழ 24 பாகை முறிவுள்ள மேட்டைத் தட்டாது கடக்கும். வயிறு இரண்டரை அங்குலம் உயர்ந்தால் அது ஏறத்தாழ 29 பாகையாகும். இது மெய்யான ஆதாயம், மறுப்பதற்கில்லை.

இனி, இவ்வாதாயத்துக்குக் கொடுக்கும் விலையைக் காண்போம். வைக்கோற்பாரத்தை உயர ஏற்றிய மாட்டுவண்டி, வரம்பேறும்போது சரிவதைக் கண்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பாரம் எவ்வளவு உயரத்தில் நிற்கின்றதோ அவ்வளவுக்கு வண்டியின் உறுதி குன்றும். மோட்டார் வண்டிக்கும் அதே நியதிதான். இடச்சில்லுக்கும் வலச்சில்லுக்கும் இடையேயுள்ள அகலத்தில் பாதியைப் புவியீர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் வரும் எண் வண்டியின் உறுதியை ஓரளவு காட்டும். அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிருவாகம் 2001ஆம் ஆண்டில் வண்டிகள் புரளும் அபாயத்தைத் தரப்படுத்தத் தொடங்கியபோது இவ்வெண்ணையே அடிப்படையாகக் கொண்டது.

ஓர் எடுத்துக்காட்டு. அகலம் 60 அங்குலம், புவியீர்ப்பு மையத்தின் உயரம் 27 அங்குலம் எனக் கொள்வோம். 30ஐ 27ஆல் வகுக்க 1.11 வரும். பக்கச்சரிவிலே நிறுத்தினால், கணக்கின்படி 48 பாகைச் சரிவில் இவ்வண்டி புரளும். இப்போது 4 அங்குல வில்லைப் பொருத்துவோம். அச்சும் சில்லும் உயராமையால் முழுவண்டியின் மையம் ஏறத்தாழ 3 அங்குலம் உயர்ந்து 30 ஆகும். எண் 1.00, புரளும் சரிவு 45 பாகை. 35 அங்குல டயரும் சேரும்போது மையம் 32 அங்குலமாகும்; சரிவு 43 பாகைக்கு இறங்கிவிடும். இவை அசையாது நிற்கும் வண்டிக்குரிய கணக்கு. ஓடும் வண்டியிலே வில்கள் ஒருபுறம் சாய்வதாலும், மேற்புறச் சில்லு கல்லில் ஏறுவதாலும் அதற்கு முன்னரே அபாயம் நேரும்.

மலைச்சரிவை எச்சரிக்கையோடு அணுகுவோரும் தார் வீதியிலே கவலையின்றிச் செல்வர். அங்கே குறுக்கே ஓடிய கன்றுக்குட்டியை விலக்குவதற்கென ஸ்டியரிங்கைச் சடுதியாகத் திருப்பும் அந்தக் கணத்தில், உயர்த்தாத வண்டி சறுக்கி நிற்கக்கூடும்; மிக உயர்த்திய வண்டி புரண்டுவிடக்கூடும். பின்னிருக்கையிலே அமர்ந்திருக்கும் குழந்தைகள் அந்த அங்குலங்களைத் தெரிந்தெடுத்தவர்கள் அல்லர்.

உறுப்புகளும் தத்தம் பங்கை அறவிடும். இயந்திரத்தின் விசையை அச்சுக்குக் கொண்டுசெல்லும் தண்டு செங்குத்தாகச் சரிய, அதன் மூட்டுகள் அதிர்ந்து விரைவில் தேயும். முன்னச்சின் சாய்வு மாறுவதால் வண்டி நேர்வழியில் நில்லாது அலையும். அச்சைக் குறுக்காகப் பிடித்து நிற்கும் கம்பி, அச்சை ஒருபுறமாக இழுத்துவிடும். பிரேக் குழாய் நீளம் போதாது இறுகும்; அதிர்ச்சி தாங்கியும் நீளம் போதாது தொங்கும். முன்சில்லுகள் தனித்தனியே அசையும் அமைப்புடைய வண்டிகளிலோ 2, 3 அங்குலத்துக்கு மேல் உயர்த்துவது அரைத்தண்டுகளின் மூட்டுகளுக்குப் பெருந்துன்பமாகும்.

அனுபவமுடையோர் இவ்விரு பக்கங்களையும் எவ்வாறு நிறுத்துப் பார்க்கின்றனர்? 2007ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த ஜேகே வகை ஜீப் ரங்ளர் தக்க எடுத்துக்காட்டாகும். கலிபோர்ணியாவின் சியரா நெவாடா மலையிலே பாறைகள் நிறைந்த ரூபிகன் என்னும் பாதையுண்டு. 1953ஆம் ஆண்டு முதல் ஜீப் உடையோர் திரளாக அதனைக் கடந்து வருகின்றனர். ரங்ளரின் ஒரு வகைக்கு அப்பெயரே சூட்டப்பட்டது. அத்தகைய பாதையை நாடும் ரங்ளர் உடையோருள் பலர் 35 அங்குல டயரும், அதற்கு இடந்தர இரண்டரை அங்குல உயர்வும் போதுமென அமைகின்றனர். 37 அங்குல டயரை விரும்புவோரே 4 அங்குலத்தை நாடுகின்றனர். அவர்கள் தண்டு, கம்பி, பல்விகிதம் முதலியவற்றையும் மாற்ற நேர்கின்றது.

ஐஸ்லாந்து நாட்டார் வேறொரு வழி கண்டனர். அவர்களுக்குத் தடை பாறையன்று, ஆழ்ந்த பனி. 38 அங்குல விட்டமுடைய அகன்ற டயர்களை இட்டு, அவற்றின் காற்றைச் சதுர அங்குலத்துக்குச் சில இறாத்தலளவாகக் குறைத்து, பனியின் மேல் மிதந்து செல்வர். அவ்வளவு பெரிய டயருக்கு இடந்தேட அவர்கள் வில்லை மட்டும் நம்புவதில்லை. சில்லைச் சூழ்ந்த தகட்டை வெட்டி அகற்றுகின்றனர். இயன்றவரை உடலை உயர்த்தாது சில்லுக்கு இடங்கொடுப்பதே அவர்தம் சூழ்ச்சி. அகன்ற டயரால் வண்டியின் அகலமும் கூடுவது உறுதிக்குத் துணையாகும்.

இவற்றால் தெரிவது யாது? முதலிலே, வண்டி ஆண்டில் எத்தனை நாள் எத்தகைய பாதையிற் செல்லும் என்பதை உடையவர் நேர்மையாக எண்ணுதல் வேண்டும். இரண்டாவதாக, அப்பாதைக்குப் போதுமான டயரைத் தெரிதல் வேண்டும். மூன்றாவதாக, அந்த டயர் உராயாது அசைவதற்கு வேண்டிய மிகக் குறைந்த உயர்வையே கொள்ளுதல் வேண்டும். பாரமான பொருட்களைக் கூரையில் ஏற்றாது கீழே வைத்தலும் இதன் பாற்படும். உயர்த்திய பின் முன்சில்லுகளின் அமைவைச் சரிபார்த்து, எதிரே வருவோரின் கண் கூசாதபடி முன்விளக்குகளையும் தாழ்த்துதல் கடமை. 31 அங்குல டயருக்கென அமைந்த வேகமானி, 35 அங்குல டயரோடு ஓடுகையில் 80 கிலோமீற்றர் என்று காட்டும்போது வண்டி 90 கிலோமீற்றர் வேகத்திற் சென்றுகொண்டிருக்கும். அதனையும் திருத்துதல் வேண்டும். நாட்டின் மோட்டார்ச் சட்டம் இதற்கு இடந்தருகின்றதா என்பதை வில்லை வாங்குமுன்னரே கேட்டறிதல் அறிவுடைமை.

விரலுக்கேற்ற வீக்கம் என்பர் நம் முன்னோர். உயர்ந்து நிற்கும் வண்டி பார்ப்பவர் கண்ணுக்குப் பெருமிதமாகத் தோன்றலாம். ஆயினும் மலைப்பாதையின் ஒரு விளிம்பிலே, கீழ்ச்சில்லின் அடியில் மண் நெகிழும் வேளையில், பார்ப்பவர் எவரும் உடன் இருப்பதில்லை. அப்போது வண்டியை நிலத்தோடு பிடித்து நிறுத்துவது, உடையவர் கூட்டாது விட்ட அந்த ஓரிரண்டு அங்குலமேயாகும்.