பதவி இல்லாதவர்களுக்கும் அரைக்கம்பம்

தேசியக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடும் முறையை 2002ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதித்தொகுப்பு வகுத்திருக்கிறது. கொடியை நேரே பாதியில் கட்டிவிடக் கூடாது. உச்சிவரை ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, பிறகே பாதிக்கு இறக்க வேண்டும். மாலையில் இறக்கும்போதும் மறுபடி உச்சியைத் தொட்ட பிறகுதான் கீழே வரும். இறந்தவருக்கு நாடு செலுத்தும் மரியாதையை இதைவிட அழகாக வகுக்க முடியாது. ஆனால் யாருக்காக இறக்குவது என்ற பட்டியலில் பதவிகள் மட்டுமே இருக்கின்றன. குடியரசுத் தலைவரோ, துணைத் தலைவரோ, பிரதமரோ மறைந்தால் நாடு முழுவதும் இறங்கும். மக்களவைத் தலைவருக்கும் இந்தியத் தலைமை நீதிபதிக்கும் டெல்லியில். ஆளுநருக்கும் முதலமைச்சருக்கும் அந்தந்த மாநிலத்தில். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோயிற்று. இத்தகைய சாவுகளுக்கு அந்தப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை. அந்த வரியை எழுதிச் சேர்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

கொடி அரசின் சின்னம், அரசின் தலைமைக்காக மட்டுமே அது தாழ வேண்டும் என்பார்கள். அப்படியானால், எல்லையில் உயிர்விட்ட சாதாரண ஜவானின் சவப்பெட்டிமேல், காவி தலைமாட்டில் வரும்படி அதே கொடியைப் போர்த்துகிறோமே, அவர் என்ன பதவி வகித்தார்? சீனாவின் 1990ஆம் ஆண்டுக் கொடிச் சட்டம், பெருந்திரளானோர் உயிரிழக்கும் விபத்துக்கும் இயற்கைச் சீற்றத்துக்கும் அரைக்கம்பத்தை அனுமதிக்கிறது. 2008 மே 12 சிச்சுவான் நிலநடுக்கத்தில் இறந்தவர்களுக்காக, மே 19 முதல் மூன்று நாள் அங்கே கொடி தாழ்ந்தது. பேரிடரில் மடிந்த பொதுமக்களுக்காக அந்த நாடு தழுவிய துக்கம் அறிவிக்கப்பட்டது அதுவே முதல்முறை. சட்டம் வந்து 18 ஆண்டுகள் கழிந்திருந்தன. தினம் ஒரு விபத்து நடக்கும் நாட்டில் கொடி மேலேறவே ஏறாதே என்று அஞ்சுவோருக்கு இந்த 18 ஆண்டுகளே பதில்.

தேவைப்பட்டால் தனி ஆணை போடலாமே என்பது இன்னொரு மறுப்பு. போடுகிறார்கள்தான். 2022இல் லதா மங்கேஷ்கருக்கு இரண்டு நாளும், எலிசபெத் அரசிக்கு ஒரு நாளும் துக்கம் அனுசரிக்கப்பட்டது, இரண்டும் தகும். ஆனால் புகழ்பெற்றவருக்கு ஆணை தானாக வந்துவிடும். குடிசையிலும் குப்பத்திலும் இறந்தவர்களுக்காகக் கேட்க ஆள் வேண்டும், ஆட்சியாளருக்கு மனம் வேண்டும். அந்த மனத்தை நம்பியிருக்க வேண்டாம் என்பதற்குத்தானே விதி எழுதுகிறோம்? திருத்துவதும் கடினமன்று. இத்தொகுப்பு சட்டமல்ல, நிர்வாக அறிவுறுத்தலே என்று உச்ச நீதிமன்றம் 2004இல் கூறிவிட்டது. பாலியஸ்டர் துணிக்காக 2021இலும், இரவில் பறக்கவிடுவதற்காக 2022இலும் அது திருத்தப்பட்டது. இறந்தோர் எண்ணிக்கையை மட்டும் வரம்பாக வைக்கத் தேவையில்லை. ஒரு மாவட்டத்தின் இழப்புக்கு அந்த மாவட்ட அரசு அலுவலகங்களிலும், ஒரு மாநிலத்தின் இழப்புக்கு மாநிலம் முழுவதும் என்று, பதவிகளுக்கு இப்போதுள்ள எல்லைப் பிரிவினையையே பேரிடருக்கும் பொருத்தலாம். அடக்கம் நடக்கும் நாளில் கட்டாயம், அதற்குமேல் மாநில அரசு முடிவு செய்யட்டும்.