வாகனத்திற்கும் ஓர் அங்க அடையாளம்

(தோட்ட மண்டபம் ஒன்றில் நடைபெற்ற மக்கள் சந்திப்பில் ஆற்றப்பட்ட உரை)



முன்னாளில் மாடு வளர்த்த குடும்பத்தினர் பலர் இங்கு அமர்ந்திருக்கின்றீர்கள். பல வீட்டு மாடுகள் ஒரே ரப்பர்க் காட்டில் மேய்ந்த காலத்தில், காதில் வெட்டோ தொடையில் சூடோ போட்டுத் தம் மாட்டை அறிந்துகொள்வது வழக்கம். டோபியும் துணியின் ஓரத்தில் மசியால் குறியிட்ட பிறகே வெளுக்க எடுத்துச் செல்வார். இன்று மாடு நின்ற இடத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கின்றது. அதிகாலையில் பெரட்டுக்குப் போவதும், பிள்ளையைப் பள்ளியில் விடுவதும், பட்டணத்து மருத்துவமனைக்கு விரைவதும் அதில்தான். அது களவு போனாலும் மாதத் தவணை மட்டும் களவு போவதில்லை. கடைசி வெள்ளி வரை கட்டியாக வேண்டும்.

"எண் பலகைதான் இருக்கின்றதே" எனச் சிலர் கூறலாம். இரண்டு திருகாணிகளில் தொங்கும் அப்பலகையைக் கழற்ற ஒரு நிமிடம் போதும். வண்டியின் மெய்யான அடையாளம் தொழிற்சாலையிலேயே உலோகத்தில் பதிக்கப்படுகின்றது. ஒன்று சட்டக எண். நம்மவர் சேசிஸ் நம்பர் என்பது இதுவே. மற்றொன்று இயந்திர எண். இக்கால வாகனங்கள் பெரும்பாலானவற்றின் சட்டக எண்ணில் எழுத்தும் இலக்கமுமாக 17 குறிகள் இருக்கும். ஒன்று, சுழியம் ஆகிய இலக்கங்களோடு குழம்பாதிருக்க ஐ, ஓ, கியூ என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளை அதில் சேர்ப்பதில்லை. ஆகவே அவ்வெழுத்துகளுள் ஒன்று தென்பட்டால் அந்த எண்ணை ஐயுறவே வேண்டும்.

திருடுபவன் ஒருவன், பிரித்துப் போடுபவன் ஒருவன், எண்ணை மாற்றுபவன் ஒருவன், விற்பவன் வேறொருவன் என இத்தொழில் கூட்டாக நடைபெறுகின்றது. முழு வண்டியாக விற்றால் பிடிபடுவோம் என அஞ்சும் கும்பல், அதனைச் சக்கரம், இயந்திரம், புகைக்குழாய் எனக் கூறு போடுகின்றது. சக்கரத்திற்குப் பெயரில்லை, அது யாருடையது என எவரும் நிறுவ முடியாது. கும்பலின் இலாபம் முழுவதும் இந்தப் பெயரின்மையில்தான் அடங்கியிருக்கின்றது.

இதனை உணர்ந்த அமெரிக்கா 1984ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. அதிகமாகத் திருடப்படும் கார் வகைகளில், 1987ஆம் ஆண்டு மாதிரிகள் தொடங்கி, இயந்திரம், கதவு முதலிய முக்கிய பாகங்களிலும் அடையாள எண்ணைப் பொறிக்கும்படி அச்சட்டம் பணித்தது. தென்னாப்பிரிக்காவோ 2012 முதல் புதிய வாகனங்களுக்கு நுண்புள்ளிகளைக் கட்டாயமாக்கியது. மணல் துகள் அளவான ஆயிரக்கணக்கான புள்ளிகளைப் பசையோடு கலந்து வண்டியின் பல பாகங்களிலும் தெளித்துவிடுவார்கள். ஒவ்வொன்றிலும் எண் உண்டு. புற ஊதா ஒளியில் பசை மின்னிக் காட்டிக் கொடுக்கும். திருடன் எல்லாப் புள்ளிகளையும் சுரண்டியாக வேண்டும். காவலருக்கோ ஒரே ஒரு புள்ளி போதும்.

அரத்தால் தேய்த்துவிட்டால் எண் அழிந்தே போகும் என எண்ண வேண்டா. எண்ணை அழுத்திப் பதிக்கும்போது அடியிலுள்ள உலோகமும் நெருக்குண்டு மாறிவிடுகின்றது. மேற்பரப்பைத் தேய்த்த பிறகும், தடயவியல் வல்லுநர் அமிலக் கலவை தடவினால் மறைந்த எண் பல வேளைகளில் மீண்டும் தெரியும்.

இனிச் சற்றுக் கசப்பான செய்தி. "தோட்டத்துக்குள்தானே ஓட்டப் போகிறோம், கிராண்ட் எதற்கு?" என்று சொல்லி, ஆவணமில்லாத மோட்டார் சைக்கிளைச் சில நூறு வெள்ளிக்கு வாங்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. செம்பனைக் காட்டுக்குள் யாரும் தடுத்துக் கேட்கமாட்டார்கள் என்னும் துணிவு. அந்த வண்டி எங்கிருந்து வந்தது? நம்மைப் போன்ற ஒரு தொழிலாளியின் வீட்டு வாசலிலிருந்து வந்திருக்கலாம். நாம் தரும் அந்தச் சில நூறு வெள்ளிதான் அடுத்த திருட்டுக்கு முன்பணம். திருடனைத் திட்டுபவரே அவனுக்கு வாடிக்கையாளராய் இருப்பது என்ன நியாயம்?

சட்டமும் இதில் கடுமையானது. தண்டனைச் சட்டத் தொகுப்பின் 379ஏ பிரிவு, மோட்டார் வாகனத்தையோ அதன் பாகத்தையோ திருடுபவருக்கு ஓராண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கின்றது. திருட்டுப் பொருள் எனத் தெரிந்தோ, அவ்வாறு நம்பக் காரணமிருந்தோ வாங்கி வைத்திருப்பவரை 411ஆம் பிரிவு விடுவதில்லை. பாதி விலைக்குக் கிராண்ட் இல்லாமல் வந்த வண்டியைப் பற்றி, "எனக்கு ஐயமே எழவில்லை" என நீதிமன்றத்தில் கூறுவது எளிதன்று.

பழைய வண்டி வாங்குவோர் கிராண்டைக் கையில் வைத்துக்கொண்டு, இரு எண்களையும் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றிப் புதுச் சாயமோ, அரம் பட்ட தடமோ, கோணலான இலக்கமோ இருந்தால் விலகிவிடுங்கள். சாலைப் போக்குவரத்து இலாகாவில் முறைப்படி பெயர் மாறும் வரை முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.

சொந்த வண்டிக்கு, எண்ணின் மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு படி எடுத்து வீட்டில் வையுங்கள். கைப்பேசியிலும் படம் பிடித்துக்கொள்ளலாம். வண்டி காணாமற்போன அன்றே காவல் நிலையத்தில் கொடுக்கும் புகாருக்கு அது உதவும். சக்கரம், புகைக்குழாய் உறை, பிளாஸ்டிக் உறைகளின் உட்புறம் ஆகியவற்றில் பதிவு எண்ணைப் பொறிக்கலாம். தொழிற்சாலை பதித்த எண்ணை மட்டும் எவரும் தொடக்கூடாது. அதனை மாற்றுவது குற்றம்.

பொறிக்கும் கருவி ஒன்றை உடன் கொண்டு வந்துள்ளோம். கூட்டம் முடிந்ததும் மண்டப வாசலில் வண்டிகளை வரிசையாக நிறுத்துங்கள், கட்டணமில்லை. வரும்போது கிராண்டையும் எடுத்து வாருங்கள். அதைப் பார்த்த பிறகே பொறிப்போம்.